42 வயதில் விடைபெறும் விமானிகள்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை விமான நிலையத்தில் பெட்டி படுக்கையோடு தரையில் உட்கார்ந்து கிடந்தவர்களுக்கு ஒன்று நன்றாகப் புரிந்திருக்கும். விமானம் நின்றுகொண்டிருந்தாலும் ஓட்ட ஆளில்லை என்றால் ஊர் போய்ச் சேர முடியாது. பயணிகளின் அவதியை நாடே பேசியது. அந்த விமானிகளை இனி எங்கிருந்து கொண்டுவரப் போகிறார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை.

விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய விதிகள் இரண்டு கட்டங்களாக வந்து, 2025 நவம்பர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. வாரத்துக்கு ஆறு முறை இரவில் தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. பயணிகளின் உயிரைக் காக்கும் நல்ல விதிகள் இவை. ஆனால், இண்டிகோ நிறுவனம் அதற்கேற்ப ஆட்களைத் தயார் செய்திருக்கவில்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின.

இனி எல்லா நிறுவனங்களும் ஆள் தேடும். 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. பறக்கும் பள்ளிகளிலிருந்து புதியவர்கள் வருவார்கள். ஆனால் கேப்டன் இருக்கையில் உட்கார ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் ஏற்கெனவே பழுத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அது நம் ராணுவத்தின் விமானப் பிரிவுகள், முக்கியமாக இந்திய விமானப் படை.

பயணிகளின் பிரச்சினையாக விமான நிலையத்தில் நாம் பார்த்தது, எல்லையில் பாதுகாப்புப் பிரச்சினையாக மாறுவது இங்கேதான்.

காலியாக இருக்கும் இருக்கைகள்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்குப் பிரியாவிடை கொடுத்தார்கள். அதன் பிறகு நம்மிடம் எஞ்சியிருப்பவை 29 போர் விமானப் பிரிவுகள். இருக்க வேண்டியவை 42. இந்தக் கணக்கு தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி வருகிறது. எத்தனை ரஃபேல், எத்தனை தேஜஸ், எப்போது வரும் என்று சாமானியரும் கேட்கிறார்கள்.

விமானியின் கணக்கு அந்த அளவுக்கு வெளியே வருவதில்லை. 2021 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த விவரப்படி, விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட விமானிகள் 4,239 பேர்; இருந்தவர்கள் 3,834 பேர். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இன்னும் கவலையளிப்பது. 2015 பிப்ரவரியில் 486 ஆக மதிப்பிடப்பட்ட பற்றாக்குறை, 2021 முடிவில் 596 ஆகியிருந்தது. ஆறு ஆண்டுகளில் பள்ளம் நிரம்பவில்லை, ஆழமாகியிருக்கிறது.

இதற்கு விலகல் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. ஆண்டுக்கு 222 பேரைப் பயிற்சிக்கு எடுக்கத் திட்டமிட்டு, அந்த எண்ணிக்கையை எட்டவில்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. அடிப்படைப் பயிற்சி தரும் பிலாட்டஸ் விமானங்களில் எஞ்சின் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டதையும் அது சுட்டிக்காட்டுகிறது. குழாயில் தண்ணீர் குறைவாக வருகிறது என்றால், குடத்தில் ஓட்டை இருப்பதை இன்னும் சீக்கிரமாக அடைக்க வேண்டும் அல்லவா? 2018 வரையிலான பத்தாண்டுகளில் ஏறத்தாழ 800 விமானிகள் படையை விட்டு விலகியது தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் தெரியவந்தது.

ஆள் குறைந்தால் என்ன ஆகும்? எதிரி விமானம் நுழைந்தால் சில நிமிடங்களில் மேலெழும்பத் தயாராக, பறக்கும் உடையிலேயே காத்திருக்கும் பணி ஒன்று எல்லைத் தளங்களில் இரவும் பகலும் உண்டு. பத்துப் பேர் மாறி மாறிச் செய்ய வேண்டியதை ஏழு பேர் செய்வார்கள். விடுப்பு தள்ளிப்போகும். தங்கையின் கல்யாணத்துக்குக் காலையில் வந்து மாலையில் திரும்புவார்கள். களைப்பு கூடும். களைத்த மனிதரின் கையில் ஒலியை விட வேகமாகப் பறக்கும் இயந்திரம் இருப்பது அவருக்கும் நல்லதல்ல, கீழே இருக்கும் ஊருக்கும் நல்லதல்ல.

இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாது. அது தாம்பரத்தில் நடக்கிறது.

விமானிகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்களை உருவாக்கும் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1954இலிருந்து தாம்பரத்தில்தான் இருக்கிறது. சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்கள் தலைக்கு மேலே வட்டமடிக்கும் அந்தச் சிறிய விமானங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். நல்ல பயிற்றுநர் என்பவர் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் பறந்து தேர்ந்தவர். விலகிச் செல்பவர்களில் இந்த அனுபவக்காரர்கள் இருக்கும்போது படை இழப்பது ஒரு விமானியை மட்டும் அல்ல. அடுத்த பத்தாண்டுகளில் அவர் உருவாக்கியிருக்கக்கூடிய விமானிகளையும் சேர்த்துத்தான். விதைநெல்லை விற்றுவிட்ட வீடு அடுத்த போகத்துக்கு என்ன செய்யும்?

மேலே போனால் இறங்க வேண்டும்

ஏன் போகிறார்கள்? சம்பளத்துக்காக என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். சம்பளம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில், புதிதாகச் சேரும் அதிகாரிக்கு அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், ராணுவப் பணி ஊதியம் 15,500 ரூபாய். அதிகாரிகளின் பறத்தல் படியாக மாதம் 25,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. விமான நிறுவனத்தில் கேப்டனாக இருப்பவருக்கு மாதச் சம்பளம் பல லட்சம்.

ஆனால், ஒரு விமானியின் வாழ்க்கையை வயதோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தால் வேறொரு காரணம் தெரியும்.

பதினெட்டு வயதில் கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் ஒரு பையன் சேர்கிறான். மூன்று ஆண்டுகள் அங்கே, பிறகு ஹைதராபாதுக்கு அருகே டுண்டிகலில் பயிற்சி. 22 வயதில் அதிகாரியாகிறான். போர் விமானப் பிரிவு என்றால் பீதரில் ஹாக் விமானத்தில் மேலும் பயிற்சி. இரண்டு ஆண்டுகளில் ஃபிளைட் லெப்டினன்ட், ஆறு ஆண்டுகளில் ஸ்குவாட்ரன் லீடர், பதின்மூன்று ஆண்டுகளில் விங் கமாண்டர். அப்போது வயது 35. உச்சமான பருவம். கண்ணும் கையும் முதிர்ந்து, அவசரம் அடங்கி, முடிவெடுக்கும் நிதானம் வந்திருக்கும் வயது.

அங்கிருந்துதான் பாதை குறுகுகிறது. மேலே போக வேண்டுமானால் குன்னூர் வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும். தலைமையகப் பணிகளைப் பார்க்க வேண்டும். கோப்புகளோடு பழக வேண்டும். கோபுரம் போன்ற அமைப்பில் மேலே போகப் போக இடம் குறைவு. தேர்வு பெறாதவர், 26 ஆண்டு பணி முடித்தால் கால அடிப்படையில் குரூப் கேப்டன் ஆகலாம். தேர்வு பெற்றவரோ ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கிய பிறகு பெரும்பாலும் மேசைக்கு வந்துவிடுவார். இரண்டு வழியிலும் காக்பிட் கைநழுவிப் போகிறது.

20 ஆண்டு பணி முடிந்தால் அதிகாரிக்கு ஓய்வூதியத் தகுதி வந்துவிடும். அப்போது அவருக்கு வயது 42. பயணிகள் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம். அதாவது, இன்னும் 23 ஆண்டுகள். படையில் விங் கமாண்டராகவே இருந்தால் 54இல் ஓய்வு. அதிலும் பறக்கும் நாட்கள் எத்தனை என்று சொல்ல முடியாது. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கிறான். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. மனைவியின் வேலை ஊர் ஊராக மாறியதில் எங்கோ நின்றுபோய்விட்டது. இந்த நிலையில் ஒரு மனிதர் விலகல் கடிதம் எழுதினால், அவருடைய நாட்டுப் பற்றைச் சந்தேகிப்பது பெரிய அநியாயம்.

உடலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது விமானியின் உடல் எடை ஒன்பது மடங்கு வரை அழுத்தும். 70 கிலோ மனிதர் அந்த நொடிகளில் 630 கிலோவைத் தன் கழுத்திலும் முதுகிலும் தாங்குகிறார். இதை ஒருநாள் செய்வதல்ல, இருபது ஆண்டுகள் செய்வது. கழுத்து வலியும் முதுகு வலியும் இந்தத் தொழிலோடு வருபவை. ஆபத்தில் இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்பியவர்களுக்கு முதுகெலும்பு முறிவதும் உண்டு.

14 ஆண்டு, நீட்டிப்பு இல்லை

விலக விரும்புபவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். இருக்க விரும்புபவர்களையும் நாமே அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயம்.

பட்டப்படிப்பு முடித்துக் குறுகிய காலப் பணிக்கு விமானியாக வருபவர்களுக்கு 14 ஆண்டுகள்தான். நீட்டிப்பு கிடையாது என்று ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். காலியிடம் இருந்து, தகுதியும் இருந்தால் சிலருக்கு நிரந்தரப் பணி கிடைக்கலாம். மற்றவர்கள் 36, 38 வயதில் வெளியே வந்தாக வேண்டும். 20 ஆண்டு ஆகாததால் மாத ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடையோடு விடைபெறுகிறார்கள்.

ஒரு பக்கம் 2021 கணக்கின்படி 596 விமானிகள் குறைவு. மறுபக்கம், பல கோடி ரூபாய் செலவில் பயிற்சி பெற்று, பதினான்கு ஆண்டுகள் பறந்த ஒருவரிடம் காலம் முடிந்தது, போய் வாருங்கள் என்கிறோம். சொந்தப் பணத்தில் நடத்தும் ஒரு பட்டறையில்கூட, கைதேர்ந்த தொழிலாளியை இப்படி யாரும் அனுப்ப மாட்டார்கள். குறுகிய காலப் பணி என்ற ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு; மேலிடங்கள் குறைவு, இளமையான படை வேண்டும். ஆனால், அந்தக் காரணத்தை எல்லாப் பிரிவுக்கும் ஒன்றுபோல வைத்திருப்பதுதான் தவறு. அலுவலகப் பணிக்கு ஒருவரை ஓராண்டில் தயாராக்கலாம். சுகோய் விமானத்தில் தஞ்சாவூரிலிருந்து கடல் மேல் இரவில் பறந்து திரும்பும் ஒருவரை அப்படித் தயாராக்க முடியாது.

பூட்டு தீர்வாகாது

இதுவரை அதிகாரிகளுக்குத் தோன்றிய வழி பெரும்பாலும் கதவைச் சாத்துவது. ஒரு பதவி ஒரே ஓய்வூதியம் திட்டம் வந்தபோது, தாமாக முன்கூட்டியே விலகுபவர்களுக்கு இனி அந்தப் பலன் இல்லை என்றார்கள். 2020 அக்டோபரில் ராணுவ விவகாரத் துறை ஒரு யோசனையை முன்வைத்தது. 20 முதல் 25 ஆண்டு பணியில் விலகினால், உரிய ஓய்வூதியத்தில் 50 சதவீதம்தான். 35 ஆண்டைத் தாண்டினால்தான் முழுமையாகக் கிடைக்கும். படையினரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. வராததே நல்லது.

பயமுறுத்தி நிறுத்திவைக்கப்பட்ட விமானி, காலை எழுந்து சீருடை போடும்போது என்ன மனநிலையில் இருப்பார்? இருபது ஆண்டு கழித்து ஓய்வூதியம் பாதியாகும் என்று தெரிந்தால், பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெற்றோர் என்ன சொல்வார்கள்? வெளியேறும் வாசலைக் குறுக்கினால் உள்ளே வரும் வாசலும் தானாகக் குறுகும்.

பணத்தால் மட்டும் நிறுத்திவிடலாம் என்பதும் சரியல்ல என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே விமானி தகுதி பெற்ற பின் பத்து ஆண்டுகள் கட்டாயம் பணியாற்ற வேண்டும். அதற்கு மேலும் இருக்க ஒப்பந்தம் போடுபவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை ஊக்கத்தொகை கிடைக்கும். கொடுக்கக் காரணம் இருக்கிறது. ஓர் எஃப்-16 விமானியை உருவாக்க 56 லட்சம் டாலர், எஃப்-22 விமானிக்கு 1 கோடியே 9 லட்சம் டாலர் ஆகிறது என்று 2019இல் ரேண்ட் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. இத்தனை கொடுத்தும் அமெரிக்க விமானப் படையில் ஏறத்தாழ 2,000 விமானிகள் பற்றாக்குறை ஆண்டுக் கணக்கில் நீடித்தது.

பிரிட்டன் வேறொரு வழியைச் சேர்த்துக்கொண்டது. தலைமைப் பதவி வேண்டாம், பறந்தால் போதும் என்பவர்களுக்கு அங்கே தனி ஊதியப் பாதை இருக்கிறது. பதவி உயர்வு இல்லாவிட்டாலும் ஊதியம் உயர்ந்துகொண்டே போகும், வேலை விமானத்தோடுதான். அந்தப் பிரிட்டனுக்கே 2022இல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஓய்வு பெற்ற அதன் ராணுவ விமானிகளில் 30 பேர் வரை, சீன ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்கப் பெரும் சம்பளத்துக்குப் போயிருந்தார்கள். விலகிய விமானியை யாரும் கவனிக்காமல் விட்டால், அவருடைய தலைக்குள் இருக்கும் போர்த் தந்திரங்களும் கூடவே போகும். நம் விமானிகளைச் சந்தேகிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. விலகிய பிறகும் அவர்களோடு படைக்கு ஓர் உறவு இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னோர் ஏணி வைக்கலாம்

முதலில் செய்ய வேண்டியது, பறத்தலுக்கென்று தனிப் பாதை. 13 ஆண்டு முடித்து விங் கமாண்டர் ஆகும்போது ஒருவரிடம் கேட்டுவிடலாம்: நீங்கள் தலைமையேற்கும் பாதையில் போகிறீர்களா, பறக்கும் பாதையிலா? இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவருக்குப் பதவி விங் கமாண்டரோடு நிற்கட்டும். ஊதியம் நிற்க வேண்டாம். உடல் தகுதி இருக்கும்வரை பயிற்சி விமானத்திலோ போக்குவரத்து விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ அவருக்கு இடம் உறுதி என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். தாம்பரம், பீதர், ஹக்கிம்பேட் போன்ற பயிற்சித் தளங்களில் இவர்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே இடத்தில் இருக்கலாம். பிள்ளைகளின் படிப்பும் நிலைப்படும்.

இதை எதிர்ப்பவர்கள் உண்டு. வயதில் மூத்தவர் இளையவரின் தலைமையில் பறக்க நேரும், ஒழுங்கு குலையும் என்பார்கள். மருத்துவமனையில் நிர்வாகத்துக்குப் போகாமல் கடைசிவரை அறுவை சிகிச்சை மேசையிலேயே நின்ற மருத்துவரை நாம் குறைவாகவா மதிக்கிறோம்? மரியாதையைப் படைதான் முதலில் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

குறுகிய காலப் பணி விமானிகளின் 14 ஆண்டு வரம்பை, விரும்புபவர்களுக்கு 20 ஆண்டாக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் கூடுதலாகப் பறப்பார்கள், ஓய்வூதியத்தோடு போவார்கள். பெண் விமானிகளுக்கு இது இன்னும் முக்கியம். 2016இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய பெண் போர் விமானிகள் சேர்க்கை 2022இல் நிரந்தரமானது. 2016இல் வந்தவர்களின் 14 ஆண்டு முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

காயம்பட்டு, மருத்துவ வகை குறைந்து காக்பிட்டை இழப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2022 அக்டோபரில் விமானப் படை ஆயுத அமைப்புகளுக்கென்று புதிய அதிகாரிகள் பிரிவை அறிவித்தது. தொலைவிலிருந்து இயக்கும் ஆளில்லா விமானங்களும் அதில் அடங்கும். அமெரிக்காவிடமிருந்து 31 ஆளில்லா விமானங்கள் வாங்க 2024இல் ஒப்பந்தம் போட்டாயிற்று. அவற்றை இயக்கும் திரைகளின் முன்னே உட்கார, வானத்தைப் பழகிய கண்களை விடப் பொருத்தமானவை எவை?

அடுத்தது ரிசர்வ் படை. 1952ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் மற்றும் துணை விமானப் படைகள் சட்டம் வந்தது. சென்னை உட்படச் சில நகரங்களின் பெயரில் துணைப் பிரிவுகளும் தொடங்கப்பட்டன. பின்னாளில் அவை முழுநேரப் படையோடு கரைந்துவிட்டன. அந்த ஏற்பாட்டை இன்றைய தேவைக்கேற்ப மீட்டெடுக்கலாம். படையிலிருந்து பயணிகள் விமானத்துக்குப் போனவர் ஆண்டுக்கு முப்பது, நாற்பது நாட்கள் திரும்பி வந்து பயிற்சி விமானத்திலோ சரக்கு விமானத்திலோ பறக்கட்டும். அமெரிக்காவில் பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டே நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையில் போர் விமானம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். விமான நிறுவனங்கள் அந்த நாட்களுக்கு விடுப்பு தர வேண்டும் என்பதை விதியாக்கலாம். பிறர் செலவில் தேர்ந்த விமானிகளைப் பெறும் நிறுவனங்களுக்கு அது பெரிய சுமையாகாது.

விலக அனுமதிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். பயணிகள் விமான நிறுவனத்திலேயே கேப்டன் ஓராண்டு முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. படையிலும் ஆண்டுதோறும் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேரை அனுப்ப முடியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டு ஆண்டு கழித்து உறுதியாக அனுமதி கிடைக்கும் என்று தெரிந்தவர் அந்த இரண்டு ஆண்டும் மனமொன்றிப் பறப்பார். தன் இடத்துக்கு ஒருவரைத் தயாராக்கிவிட்டும் போவார். தடையில்லாச் சான்று வருமா வராதா என்று நீதிமன்றப் படியேறும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

இவற்றையெல்லாம் கேட்டுப் பெற இதுவே தருணம். எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, பரிந்துரைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பறத்தல் படியை எல்லாருக்கும் ஒரே தொகையாக வைக்காமல், பயிற்றுநர் தகுதிக்கும் பறந்த மணி நேரத்துக்கும் ஏற்ப உயர்த்துவதைக் குழு பரிசீலிக்க வேண்டும். பறக்கும் பாதைக்குத் தனி ஊதிய வரிசை வகுக்க வேண்டும். அதற்காக டெல்லியில் மனுக்களை வாங்குவதோடு நில்லாமல், தாம்பரத்துக்கு ஒரு நாள் வர வேண்டும். உயரதிகாரிகள் இல்லாத ஓர் அறையில், 12 முதல் 18 ஆண்டு பணி முடித்த பயிற்றுநர்களை உட்காரவைத்து, 20ஆம் ஆண்டு முடிந்ததும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதைப் பெயர் இல்லாமல் அறிக்கையின் பின்னிணைப்பில் அச்சிட வேண்டும்.